வல்லாரையும் மாத்திரையும்

பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு, அறிவியல் மன்றம்

முன்னுரை

எங்கள் விடுதிக் கிணற்றடியில், துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில், கோடையிலும் ஈரம் காயாத ஓர் இடம் உண்டு. அங்கே யாரும் நடாமலே வல்லாரை படர்ந்து கிடக்கிறது. கணுதோறும் வேர் விட்டுத் தரையோடு தரையாக ஓடும் கொடி அது. நீண்ட காம்பின் நுனியில் சிறு விசிறி போன்ற இலை. தேர்வு நெருங்கினால் விடுதிச் சமையற்கார அம்மா அதைப் பறித்துத் துவையல் அரைத்து வைப்பார். “சாப்பிடுங்கம்மா, படிச்சது மறக்காது” என்பார். கசப்பைச் சகித்துக்கொண்டு நாங்களும் சாப்பிடுவோம்.

சென்ற அறிவியற் கண்காட்சியில் மூலிகைப் பகுதி எங்கள் பொறுப்பில் விடப்பட்டது. ஒரு மண்சட்டியில் வல்லாரையை நட்டு, பக்கத்தில் ஓர் அட்டை வைத்தோம். “வல்லாரை. எல்லா மறதிக்கும் இதுவே மருந்து” என்று அதில் வண்ண மையினால் எழுதியிருந்தோம். ‘எல்லா’ என்ற சொல்லை எங்களுக்கு எவரும் சொல்லித் தரவில்லை. அட்டையில் இடம் மிச்சம் இருந்தது, ஆகவே சேர்த்தோம்.

கண்காட்சிக்கு வந்த ஓர் அம்மா அந்த அட்டையை இரண்டு முறை படித்தார். கூட்டம் நகரும்வரை ஒதுங்கி நின்றுவிட்டு, எங்கள் அருகில் வந்து மெல்லிய குரலில் கேட்டார்:

“ஏன் கண்ணுங்களா, எச்.ஐ.வி. இருக்கிறவங்களுக்கு ஒரு மறதி வருமாமே, அதுக்கும் இது கேக்குமா? எனக்குத் தெரிஞ்ச ஒருத்திக்காகக் கேக்கிறேன். குழம்புக்கு ரெண்டு தடவை உப்புப் போடுறா. மாத்திரை போட்டோமா இல்லையான்னு தெரியாம முழிக்கிறா. ஒருத்தர் லேகியம் குடுத்து, இதைச் சாப்பிட்டா அந்த மாத்திரையே வேண்டாம்னு சொல்லியிருக்காராம்.”

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். எங்கள் அட்டையில் எழுதியிருந்தபடி ‘கேட்கும்’ என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் சொல்ல நா எழவில்லை. எங்கள் அறிவியல் ஆசிரியையான சிஸ்டரிடம் ஓடினோம். சிஸ்டர் சொன்னார்: “தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். படித்துத் தெரிந்துகொண்டு பிறகு சொல்லுங்கள். அந்த ஒருத்தி யார் என்று மட்டும் கேட்காதீர்கள்.”

அன்று தொடங்கிய தேடலின் பயனே இக்கட்டுரை. நூல்களைப் படித்தோம். சிஸ்டர் அழைத்து வந்த ஒரு டாக்டர் அம்மாவிடம் ஐயங்களைக் கேட்டுத் தெளிந்தோம். அந்த அம்மாவின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறோம். அவர் யார், யாருக்கு உறவு என்பது இக்கட்டுரையில் இராது.

1986-ஆம் ஆண்டு

எச்.ஐ.வி. பற்றிய வரலாற்றில் நம் மாநிலத்துக்கு ஓர் இடம் உண்டு. இந்தியாவில் இக்கிருமி முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1986-ஆம் ஆண்டில், சென்னையில். சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியையாக இருந்த டாக்டர் சுநிதி சாலமனும், அவரிடம் பயின்ற செல்லப்பன் நிர்மலாவும் அதைக் கண்டறிந்தார்கள். நிர்மலா இரத்த மாதிரிகளைச் சேகரித்து, பரிசோதனைக்காக வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு எடுத்துச் சென்றார். அவற்றுள் ஆறில் கிருமி இருப்பதற்கான அடையாளம் தெரிந்தது. ‘நம் நாட்டுக்கு இந்நோய் வராது’ என்று பலரும் நம்பியிருந்த காலம் அது. இரு பெண்களின் உழைப்பு அந்த நம்பிக்கையைத் தகர்த்து, நாட்டை விழிக்கச் செய்தது.

அதே 1986-இல் அமெரிக்காவின் நியூயார்க் நகரத்து மருத்துவர்கள் வேறோர் உண்மையை எழுதினார்கள். எய்ட்ஸ் நோயாளிகள் பலருக்கு நினைவும் சிந்தனையும் நடையும் மெல்ல மெல்லத் தளர்வதைக் கண்டு, இது மூளையையே தாக்கும் நோய் என்று விளக்கினார்கள். ஆகவே அந்த அம்மா கேட்டது வெறும் வதந்தி அன்று. எச்.ஐ.வி.யால் மறதி வரக்கூடும்.

மூளைக்குள் கிருமி நுழைவது எப்படி?

எச்.ஐ.வி. என்பது நம் இரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்களைத் தாக்கி, நோய் எதிர்ப்புச் சக்தியை அழிக்கும் கிருமி. கைகுலுக்குவதாலோ, ஒரே தட்டில் உண்பதாலோ, ஒரே வகுப்பில் உட்கார்ந்து படிப்பதாலோ அது பரவாது என்பதை நாம் அனைவரும் அறிவோம்.

மூளைக்கு இறைவன் அமைத்த ஒரு காவல் உண்டு. மூளைக்குச் செல்லும் நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவர்கள் மற்ற இடங்களில் இருப்பதைவிட நெருக்கமானவை. கண்ட பொருளும் உள்ளே போய்விடாதபடி அவை தடுக்கின்றன. நம் பள்ளி வாயிலில் காவற்காரர் நிற்பது போன்றது இது. ஆனால் நாள்தோறும் வந்து போகும் பணியாளரின் பைக்குள் ஒரு பாம்பு சுருண்டு கிடந்தால் காவற்காரர் என்ன செய்வார்? அப்படித்தான் நடக்கிறது. நம்மைக் காக்கவேண்டிய சில வெள்ளை அணுக்களுக்குள் எச்.ஐ.வி. ஒளிந்துகொள்கிறது. அந்த அணுக்கள் மூளைக்குள் செல்லும்போது கிருமியும் கூடவே சென்றுவிடுகிறது. நோய் தொற்றிய சில வாரங்களிலேயே இது நிகழக்கூடும்.

உள்ளே சென்ற கிருமி, நினைப்பதற்கும் அசைவதற்கும் காரணமான நரம்பணுக்களைப் பெரும்பாலும் நேரே தாக்குவதில்லை. அவற்றைச் சுற்றியிருக்கும் காவல் அணுக்களையே தாக்குகிறது. அவை அழற்சியுற்று நச்சுப் பொருள்களைச் சுரக்கின்றன. பக்கத்து வீடு எரியும்போது அந்தப் புகையில் நம் வீட்டுச் செடி வாடுவதைப்போல, நரம்பணுக்கள் வாடிப் போகின்றன.

ஆகையால் இந்த மறதி, முதுமையில் வரும் மறதியைப் போன்றதன்று. பெயரும் முகமும் அடியோடு மறந்துபோவதைவிட, எல்லாம் மெதுவாகிப்போவதே இதில் அதிகம். கேட்ட கேள்விக்குப் பதில் வரத் தாமதமாகும்; ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்ய முடியாது; கையெழுத்து மாறும்; எதிலும் ஆர்வம் குன்றும். ‘சோம்பேறி’, ‘கவனமில்லாதவள்’ என்று வீட்டார் ஏசுவார்கள். அது அவள் குற்றமன்று, நோயின் வேலை.

ஒரு சிறு சோதனை

இதைக் கண்டுபிடிக்க உதவும் எளிய சோதனை ஒன்று 2005-ஆம் ஆண்டு வெளியிடப்பட்டது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் செய்யலாம் என்பது இதன் சிறப்பு. டாக்டர் அம்மா சொல்லித் தர, நாங்கள் வகுப்பில் செய்து பார்த்தோம்.

முதலில் நாய், தொப்பி, பயறு, சிவப்பு என்ற நான்கு சொற்களைச் சொல்லி, நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். அடுத்து, இடக்கையின் பெருவிரலையும் ஆட்காட்டி விரலையும் 5 விநாடிகளில் எத்தனை முறை சேர்த்துத் தட்ட முடிகிறது என்று எண்ணுகிறார்கள். (இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள் வலக்கையால் செய்யவேண்டும்.) பிறகு மேசையின் மேல் கையை முஷ்டியாக ஒரு முறை, உள்ளங்கை படும்படி விரித்து ஒரு முறை, சுண்டுவிரல் பக்கம் படும்படி நிறுத்தி ஒரு முறை, வரிசை தவறாமல் 10 விநாடிகள் வைத்துக் காட்டவேண்டும். கடைசியில் அந்த நான்கு சொற்களைத் திரும்பச் சொல்லவேண்டும். மொத்தம் 12 மதிப்பெண். 10 அல்லது அதற்குக் குறைவாக வந்தால் மேலும் பரிசோதனை தேவை.

விளையாட்டாகத் தொடங்கிய எங்களில் மூவர் ‘பயறு’ என்பதை மறந்துவிட்டோம்! அதனால் எங்களுக்கு நோய் என்று பொருளில்லை. சோதனை ஒரு சந்தேகத்தை எழுப்புமேயன்றித் தீர்ப்புச் சொல்லாது. எச்.ஐ.வி. உள்ளவருக்கு மறதி வந்தாலும் கிருமிதான் காரணம் என்று உடனே முடிவு கட்டிவிடக் கூடாது. இரத்தசோகை, வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு, உறக்கமின்மை ஆகியவையும் காரணமாகலாம். சில மாத்திரைகளே தலைக்கிறுக்கத்தைத் தருவதும் உண்டு. எல்லாவற்றையும்விட ஆபத்தானது மூளையுறையைத் தாக்கும் காசநோய். அதற்குத் தாமதமின்றிச் சிகிச்சை அளிக்காவிட்டால் உயிருக்கே கேடு. அப்படிப்பட்ட ஒருவர் ‘மறதிக்கு வல்லாரை’ என்று ஒரு மாதத்தைக் கழித்தால் என்ன ஆகும்? எங்கள் அட்டையை நினைத்து நாங்கள் நாணிய முதல் இடம் இதுவே.

மூலிகைகள் பற்றி அறிந்தவை

அப்படியானால் மூலிகைகளில் பயனே இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். நான்கு மூலிகைகளைப் பற்றித் தேடிப் படித்தோம்.

வல்லாரைக்கு விஞ்ஞானிகள் இட்ட பெயர் சென்டெல்லா ஏசியாட்டிகா. இதிலுள்ள சத்துகள், சோதனைச் சாலையில் எலிகளின் நரம்பணுக்களைச் சேதத்திலிருந்து காக்கவும், அவற்றின் கிளைகள் வளரவும் உதவியிருக்கின்றன. ஆனால் மனிதர்களிடம் நடந்த சோதனைகள் சிறியவை. அவற்றின் முடிவுகளும் ஒன்றுபோல் இல்லை. கீரையாகவும் துவையலாகவும் நம் முன்னோர் தலைமுறை தலைமுறையாக உண்டு வந்த இலை இது. எனினும் சத்தைப் பிழிந்து மாத்திரையாக்கினால் கதை வேறு. அப்படிப்பட்ட வல்லாரை மாத்திரைகளை உண்ட மூன்று பெண்களுக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதை அர்ஜென்டினா நாட்டு மருத்துவர்கள் 2005-இல் எழுதியுள்ளார்கள்.

நீர்ப்பிரமி குளக்கரையிலும் வயல் வரப்பிலும் வளர்வது. தடித்த சிறு இலைகளும் வெளிறிய சிறு பூக்களும் உடையது. லக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் இதைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தது. நலமாக உள்ள பெரியவர்களுக்கு 12 வாரங்கள் கொடுத்துச் செய்த சில சோதனைகளில், கற்றதைச் சிறிது நேரம் கழித்து நினைவுகூரும் திறன் ஓரளவு கூடியது. ஒரே நாளில் பலன் தருவதன்று. சிலருக்கு வயிற்றைப் புரட்டும். இங்கே ஒரு வேடிக்கை. ‘பிரமி’ என்றால் கேரளத்தில் இச்செடி. வடநாட்டில் சில இடங்களில் வல்லாரையையே பிரமி என்கிறார்கள். பெயரிலேயே இவ்வளவு குழப்பம் இருந்தால், சீட்டு ஒட்டாத புட்டிக்குள் என்ன இருக்கிறது என்று யார் சொல்வது?

மஞ்சளில் உள்ள குர்குமின் அழற்சியைத் தணிக்கும் பொருள். ஆனால் நாம் உண்ணும் குர்குமினில் மிகச் சிறிதளவே இரத்தத்தில் சேர்கிறது. பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் நடந்த ஆராய்ச்சி ஒன்று 1998-இல் வெளியாயிற்று. 2 கிராம் குர்குமினோடு மிளகின் காரச் சத்தான பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தபோது, உடலில் சேரும் குர்குமின் 2000 சதவீதம் கூடியதாம்! மஞ்சளும் மிளகும் சேர்ந்த ரசத்தின் பெருமை நம் பாட்டிமாருக்கு முன்பே தெரிந்திருந்ததோ என்று எங்களுக்குத் தோன்றியது.

அமுக்கரா கிழங்கு உறக்கத்துக்கும் மனக்கவலை குறைவதற்கும் ஓரளவு உதவுவதாகச் சில சோதனைகள் கூறுகின்றன. நல்ல உறக்கம் நினைவாற்றலுக்கு நல்லதுதான். ஆயினும் இதன் சத்து மாத்திரைகளால் சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதும் உண்டு.

இந்நான்கில் எதுவும் எச்.ஐ.வி.யால் வரும் மூளைத் தளர்ச்சியை நீக்கும் என்று நோயாளிகளிடம் பெரிய அளவில் சோதித்து மெய்ப்பிக்கப்படவில்லை. எதுவும் கிருமியை அடக்குவதாக நிரூபணமாகவும் இல்லை. தீயை அணைக்காமல் புகையை மட்டும் விசிறிக்கொண்டிருந்தால் செடி பிழைக்குமா?

தீயை அணைப்பது எது?

1996-ஆம் ஆண்டு முதல் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டு மருந்துச் சிகிச்சை வழக்கத்துக்கு வந்தது. அதன் பின்னரே எய்ட்ஸ் மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. படுக்கையில் கிடத்திவிடும் கடுமையான மூளைத் தளர்ச்சியும் அரிதாகிவிட்டது. இந்தியாவில் 2004-ஆம் ஆண்டு ஏப்ரல் 1 அன்று இம்மருந்துகளை இலவசமாக வழங்கும் திட்டம் எட்டு அரசு மருத்துவமனைகளில் தொடங்கியது. அவற்றுள் ஒன்று நம் தாம்பரம் மருத்துவமனை.

தாம்பரத்தில் அதற்கு முன்பு நடந்ததையும் சொல்லவேண்டும். கூட்டு மருந்து ஏழைகளுக்கு எட்டாத 1990-களில், அங்கே எய்ட்ஸ் நோயாளிகளுக்குச் சித்த மருந்துகள் கொடுக்கப்பட்டன. ரசகந்தி மெழுகு, அமுக்கரா சூரணம், நெல்லிக்காய் இலேகியம் என்பவை அவை. வேறு வழியில்லாத காலத்தில், பசி எடுக்கவும் உடல் தேறவும் வேண்டிச் செய்த சிகிச்சை அது. மருத்துவமனைக்குள், மருத்துவர்களின் கண்முன்னே நடந்தது. கடைத்தெருவில் புட்டி வாங்கி விழுங்குவதற்கும் அதற்கும் மலைக்கும் மடுவுக்குமுள்ள வேறுபாடு உண்டு. மேலும், பாதரசம் முதலியவை சேரும் மருந்துகளைச் செய்முறை அறியாதவர் செய்தால் அவை மூளைக்கே நஞ்சாகும்.

இன்று பெரும்பாலோர்க்கு நாளொன்றுக்கு ஒரே மாத்திரைதான். அதற்குள்ளேயே மூன்று மருந்துகள் அடக்கம். தவறாமல் உட்கொண்டால் இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிடும். அப்படிக் குறைந்த நிலை நீடிக்கும்வரை கணவன் மனைவிக்கிடையே நோய் பரவுவதில்லை. ஆயினும் சிலருக்கு இலேசான மறதியும் மெதுவும் எஞ்சி நிற்கின்றன. சிகிச்சை தொடங்குமுன் ஏற்பட்ட சேதமும், மூளையில் தணியாமல் கனலும் அழற்சியும் இதற்குக் காரணங்கள். மூலிகையை நாடி மக்கள் போவது இந்த எஞ்சிய துன்பத்தினால்தான். அவர்களை நாம் ஏளனம் செய்யலாகாது.

இரு மருந்துகளும் சந்திக்குமிடம்

உண்ட மருந்துகளைச் சிதைத்து வெளியேற்றுவதில் கல்லீரலுக்குப் பெரும்பங்கு உண்டு. அங்குள்ள நொதிகளைத் துப்புரவுப் பணியாளர்கள் என்று வைத்துக்கொள்வோம். சில மூலிகைகள் பணியாளரின் எண்ணிக்கையைக் கூட்டிவிடும். மாத்திரை வேலை செய்வதற்கு முன்பே வாரிக் கொட்டப்பட்டுவிடும். வேறு சில, பணியாளரின் கையைக் கட்டிவிடும். மாத்திரை தேங்கி நஞ்சாகும். மிளகின் சத்து குர்குமினைக் கூட்டியது இவ்வழியில்தான். அது குர்குமினை மட்டும் கூட்டி மற்ற மருந்துகளை விட்டுவிடும் என்று யார் உறுதி கூற முடியும்?

ஐரோப்பாவில் மஞ்சள் பூப் பூக்கும் செடி ஒன்று உண்டு. ஸ்நாபக அருளப்பரின் திருநாளான ஜூன் 24-ஐ ஒட்டிப் பூப்பதால் அதற்கு அவர் பெயரையே இட்டிருக்கிறார்கள். மனச்சோர்வுக்கு நல்லதென்று மேல்நாட்டார் அதை உண்பார்கள். 2000-ஆம் ஆண்டு அமெரிக்காவில் நலமுள்ள எட்டுப் பேருக்கு அதையும், இன்டினாவிர் என்ற அக்காலத்து எச்.ஐ.வி. மருந்தையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். இரத்தத்தில் அம்மருந்தின் அளவு 57 சதவீதம் குறைந்துவிட்டது! பூண்டுச் சத்து மாத்திரையை மூன்று வாரம் உண்டவர்களுக்கு சாக்வினாவிர் என்ற மற்றொரு மருந்து ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. (குழம்பில் போடும் நான்கு பல் பூண்டைப் பற்றிய பேச்சன்று இது.) மருந்து அரைகுறையாக இருந்தால் கிருமி சாவதில்லை, அம்மருந்தை எதிர்த்து நிற்கக் கற்றுக்கொள்கிறது. பிறகு முழு அளவு கொடுத்தாலும் பயன்படாது.

இன்று நம் நாட்டில் பலரும் உண்ணும் மாத்திரையில் டொலுடெக்ராவிர் என்ற மருந்து இருக்கிறது. சுண்ணாம்புச் சத்து, இரும்புச் சத்து, வயிற்றெரிச்சலுக்கான சில மருந்துகள் ஆகியவை வயிற்றில் இதனோடு ஒட்டிக்கொண்டு, இரத்தத்தில் சேரவிடாமல் தடுக்கும். ஆகவே டொலுடெக்ராவிரை அவற்றுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ உண்ணச் சொல்வார்கள். நம் வீடுகளில் வழங்கும் சங்கு பற்பத்தில் இருப்பது சுண்ணாம்பு. அயச்செந்தூரத்தில் இருப்பது இரும்பு. ‘இது நாட்டு மருந்துதானே, டாக்டரிடம் எதற்குச் சொல்லவேண்டும்?’ என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

மறைப்பது ஏன்?

“இவ்வளவும் தெரிந்தும் நோயாளிகள் டாக்டரிடம் ஏன் சொல்வதில்லை?” என்று நாங்கள் கேட்டோம். டாக்டர் அம்மா சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: “திட்டுவோம் என்று பயப்படுகிறார்கள். நாங்களும் சில நேரம் திட்டிவிடுகிறோம்.”

இதுதான் எங்கள் மனத்தைத் தொட்டது. நோயை ஊருக்கு மறைக்கிறார்கள்; மாத்திரையை வீட்டுக்கு மறைக்கிறார்கள்; லேகியத்தை டாக்டருக்கு மறைக்கிறார்கள். மறைக்க மறைக்கத் துன்பம் பெருகுகிறது. நினைவே தளரும்போது, எதை யாரிடம் மறைத்தோம் என்பதைக்கூட நினைவில் வைக்க வேண்டியிருக்கிறதே, அது எவ்வளவு பெரிய பாரம்! வைத்தியரிடமும் வக்கீலிடமும் பொய் சொல்லக் கூடாது என்பார்கள். உண்மை சொன்னவரை வைத்தியரும் உறவினரும் வையக் கூடாது என்பதையும் அதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சட்டமும் நோயாளியின் பக்கம் நிற்கிறது. 2017-இல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம், ஒருவருடைய நோய் நிலையை அவர் சம்மதமின்றி வெளியிடுவதைத் தடை செய்கிறது. பள்ளியிலோ வேலையிலோ மருத்துவமனையிலோ அவரை ஒதுக்குவதையும் அது தடுக்கிறது.

முடிவுரை

ஒரு மாதம் கழித்து அந்த அம்மா மறுபடியும் வந்தார். நாங்கள் எழுதி வைத்திருந்த இரண்டு தாள்களைக் கொடுத்தோம். நின்றபடியே படித்துவிட்டு, மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். எதுவும் சொல்லவில்லை.

சில வாரங்களுக்குப் பின், “அவ போனா” என்றார். அவருக்குத் தெரிந்த அந்த ஒருத்தி, லேகியப் புட்டியை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு ஏ.ஆர்.டி. மையத்துக்கே சென்று டாக்டரிடம் காட்டியிருக்கிறார். மாத்திரையை நிறுத்திப் பதினொரு நாள் ஆகியிருந்தது. புட்டியின் மேல் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று ஒரு வரி கூட இல்லை. டாக்டர் திட்டவில்லையாம். “கொண்டு வந்து காட்டினீங்களே, அது போதும்” என்றாராம். இரத்தத்தைச் சோதித்ததில் இரத்தசோகையும் இருப்பது தெரிந்து அதற்கும் மருந்து கொடுத்தார். மாத்திரை மீண்டும் தொடங்கியது. வாரத்தின் ஏழு நாளுக்கும் ஏழு அறை உள்ள சிறு பெட்டியை, ஞாயிறுதோறும் வீட்டிலுள்ள ஒருவர் நிரப்பி வைக்கிறார். அறை காலியாக இருந்தால் மாத்திரை உண்டாயிற்று என்று பொருள். இனி விழிக்க வேண்டியதில்லை. மறதி முழுதும் போய்விடவில்லை. ஆனால் முன்னைப்போல் அஞ்சுவதில்லையாம்.

“வல்லாரை சாப்பிடலாமான்னு கேட்டாளா?” என்று எங்களில் ஒருத்தி ஆவலோடு கேட்டாள். “கேட்டா. கீரையா ஆக்கிச் சாப்பிடச் சொன்னாங்க. புட்டியில வர்றதெல்லாம் காட்டிட்டுத்தான் சாப்பிடணும்னாங்க” என்றார் அந்த அம்மா. கிணற்றடியிலிருந்து ஒரு கட்டு பறித்துக் கொடுத்தோம்.

மருத்துவம் என்பது நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து அதைக் கொடுப்பவர் என்ற நான்கு பகுதிகளை உடையது என்று வள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தில் கூறுகிறார். முதல் மூன்றும் இருந்தும், நான்காமவர் இல்லாமல் எத்தனையோ பேர் தனியே தவிக்கிறார்கள். மாத்திரைப் பெட்டியை நிரப்பவும், நேரத்தை நினைவூட்டவும், கேட்டதையே மறுபடி கேட்டால் எரிந்து விழாமல் பதில் சொல்லவும் பெரும் படிப்பு வேண்டியதில்லை. அன்பார்ந்த தோழியரே, அந்த நான்காமவராக இருக்க நம் ஒவ்வொருவராலும் முடியும்.

அடுத்த கண்காட்சிக்கு எங்கள் அட்டையைப் புதிதாக எழுதி வைத்திருக்கிறோம்:

“வல்லாரை. உணவாக உண்ண நல்லது. மறதி நீடித்தால் டாக்டரைப் பார்க்கவும். உண்ணும் மருந்து எதையும் அவரிடம் மறைக்க வேண்டாம். எச்.ஐ.வி. மாத்திரையை ஒருநாளும் தாமாக நிறுத்த வேண்டாம்.”

பழைய அட்டையைவிட எழுத்துகள் சிறியவை. ஆனால் இதில் எழுதியது அனைத்தும் உண்மை.